அடியில் விரிக்கும் வரைபடம் யாருடையது?



இடம்பெயர்ந்த குடும்பங்களின் கூட்டமொன்றில் ஒரு விவசாயியிடம் அவரது ஊர் எங்கே இருக்கிறதென்று கேட்டேன். "குளக்கட்டால போய், பழைய மில்லடியில திரும்பி, வாய்க்காலோட நடந்தா ஊர் வரும், சுவாமி" என்றார். அவர் சொன்ன வழியில் பிழையில்லை. ஆனால் எமது மேசையில் விரித்திருந்த வரைபடத்தில் குளமுமில்லை, வாய்க்காலுமில்லை. பிரதான வீதி மாத்திரம் ஒரு கோடாக ஓடியது. அவருடைய ஊரை நாம் எங்கே குறிப்பது?

இன்று அனர்த்த காலங்களில் இதே கேள்வி கணினியிலும் எழுகிறது. வெள்ளம், பூமியதிர்ச்சி, கலவரம் முதலியன நேரும்போது மக்கள் அனுப்பும் செய்திகளை வரைபடத்தில் புள்ளிகளாகக் குறித்துக்காட்டும் மென்பொருட்கள் உள்ளன. இவற்றுள் பெயர்பெற்றது 'உஷாஹிதி'. சுவாஹிலி மொழியில் இதன் பொருள் சாட்சியம் என்பதாகும். 2007 டிசம்பர் தேர்தலைத் தொடர்ந்து கென்யாவில் வன்முறை மூண்டபோது, எங்கே என்ன நடந்தது என்பதை மக்களே அறிவிக்கும் பொருட்டு 2008 ஜனவரியில் இது உருவாக்கப்பட்டது. எமது நாட்டிலும் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின் பின் கணினித் தொண்டர்கள் சேர்ந்து 'சஹன' என்னும் மென்பொருளை ஆக்கினார்கள். சிங்களத்தில் சஹன என்றால் நிவாரணம். காணாமற்போனோர், முகாம்கள், நிவாரணப் பொருட்கள் ஆகியவற்றின் பதிவுகளை வைத்திருக்க அது உதவியது. இவை இரண்டும் திறந்த மூல மென்பொருட்கள். அதாவது, இவற்றின் உட்கட்டளைகளை எவரும் வாசிக்கலாம், திருத்தலாம், விலை கொடாமல் பயன்படுத்தலாம்.

இங்கே ஒரு விடயத்தைக் கவனிக்கவேண்டும். புள்ளிகளை இடுவது மென்பொருளின் வேலை. அப்புள்ளிகளுக்கு அடியில் விரிந்திருக்கும் வீதி, ஆறு, ஊர்ப் பெயர் ஆகியன வேறொருவரிடமிருந்து வருகின்றன. உஷாஹிதியின் ஆரம்பகாலப் பதிப்புகளில் கூகுள், மைக்ரோசொஃப்ட், யாகூ, ஓபன்ஸ்ட்ரீட்மெப் எனப் பல வரைபடங்களுள் ஒன்றைத் தெரிவுசெய்ய இடமிருந்தது. தெரிவு எதுவும் செய்யாவிட்டால் ஒன்று தானாகவே வரும். கணினித் துறையினர் இதனை 'இயல்பிருப்பு' என்பர்.

எப்போதும் மாற்றிக்கொள்ளலாமே, இதிலென்ன பெரிய விடயம் என்று சிலர் கேட்கக்கூடும். நிவாரணப் பொதியை நினைத்துப் பாருங்கள். பொதியில் கோதுமை மா இருந்தால் அன்றைக்கு வீட்டில் ரொட்டிதான். விரும்பியவர் அரிசியாக மாற்றலாம் என்று அறிவித்தல் ஒட்டியிருந்தாலும், பசித்த பிள்ளையோடு நிற்பவர் எந்த வரிசையில் போய் நிற்பார்? அனர்த்தத்தின் நடுவே மென்பொருளை இயக்குபவரின் நிலையும் அதுவே. தானாக வந்த வரைபடத்தோடு வேலையைத் தொடங்கிவிடுவார். ஆகவே அதைத் தீர்மானிப்பவர், எந்த ஊர் கண்ணிற் படும் என்பதையும் பெருமளவில் தீர்மானித்துவிடுகிறார்.

வரைபடத்தில் இல்லாத ஊரிலிருந்து செய்தி வந்தால் என்ன நடக்கும்? ஊர்ப் பெயரைக் கணினி தேடும். கிடைக்காவிட்டால், செய்தியைக் கையாள்பவர் பெரும்பாலும் அண்மையிலுள்ள பட்டணத்தின் நடுவிலேயே புள்ளியை வைப்பார். இப்படிப் பத்து ஊர்களின் புள்ளிகள் ஒரே சந்தியிற் குவியும். பார்க்கிறவர் பட்டணத்தில்தான் பாதிப்பு அதிகம் என்று எண்ணி லொறியை அங்கே அனுப்புவார். குளத்துக்கு அப்பால் இருப்பவர்கள் காத்திருப்பார்கள்.

2010 ஜனவரி 12 அன்று ஹெய்ட்டி நாட்டைப் பூமியதிர்ச்சி தாக்கியது. தலைநகரான போர்ட் ஓ பிரின்ஸ் இடிந்தது. 4636 என்ற இலக்கத்துக்கு இலவசமாகக் குறுஞ்செய்தி அனுப்பலாம் என்று அறிவிக்கப்பட, கிரியோல் மொழியில் ஆயிரக்கணக்கான செய்திகள் வந்து குவிந்தன. வெளிநாடுகளில் வாழ்ந்த ஹெய்ட்டி மக்கள் அவற்றை மொழிபெயர்த்ததுடன், இன்ன இடம் இன்ன தெருவில் இருக்கிறதென்றும் காட்டிக்கொடுத்தார்கள். ஆனால் காட்டிக்கொடுத்த தெரு வரைபடத்திலும் இருக்கவேண்டுமே! அந்நகரத்துக்கு அன்று இணையத்தில் இருந்த வரைபடங்கள் மிகவும் வெறுமையானவை.

இவ்விடத்தில்தான் ஓபன்ஸ்ட்ரீட்மெப் உதவியது. 2004 இல் இங்கிலாந்தில் தொடங்கிய இந்த வரைபடத்தை எவரும் வரையலாம், திருத்தலாம். செய்மதிப் படங்களை வைத்திருந்த நிறுவனங்கள் அவற்றை அனர்த்தப் பணிக்குத் திறந்துவிட, பல நாடுகளிலிருந்து நூற்றுக்கணக்கான தொண்டர்கள் தத்தம் வீடுகளில் இருந்தபடியே தெருக்களையும் ஒழுங்கைகளையும் இடிந்த கட்டடங்களையும் கூடார முகாம்களையும் வரைந்தார்கள். சில நாட்களுக்குள் வெறுமை நிரம்பியது. மீட்புப் பணியாளர் சிலர் அதனைக் கைக்கருவிகளில் ஏற்றிக்கொண்டு களத்தில் நடந்தார்கள். இணையம் அறுந்த இடத்திலும் அது வேலை செய்தது.

கூகுளும் அதே காலத்தில் வரைபடம் திருத்தும் ஏற்பாடொன்றை நடத்தியது. 'மெப் மேக்கர்' எனும் அது 2008 இல் தொடங்கப்பட்டது. அதிலும் சாதாரண மக்களே தம் ஊர்களை வரைந்தார்கள். ஆனால் வரைந்தவற்றை எப்படிப் பயன்படுத்தலாம் என்பதைக் கூகுளின் நிபந்தனைகளே தீர்மானித்தன. 2012 இல் உலக வங்கி இத்தகைய ஏற்பாடொன்றுக்குக் கூகுளுடன் உடன்பட்டபோது கண்டனம் எழுந்தது. மக்கள் சேகரித்த தகவல் மக்களுக்கே தடையின்றிக் கிடைக்கவேண்டும் என்று வங்கியே பின்னர் விளக்கமளிக்க வேண்டியதாயிற்று. 2017 இல் மெப் மேக்கர் மூடப்பட்டது. 2018 முதல், கூகுள் வரைபடத்தைத் தம் இணையத்தளத்தில் பொருத்துவோர் கட்டணக் கணக்கொன்றைத் திறக்க வேண்டும் என்ற விதியும் வந்தது. குறிப்பிட்ட அளவுவரை இலவசந்தான். ஆனால் அனர்த்தம் அளவு பார்த்து வருவதில்லை. வரம்பு கட்டிய வயலை இன்னொருவர் பெயரில் உறுதி முடிக்கும் கதை உங்களுக்குப் புதிதல்லவே.

இதனால் திறந்த வரைபடமே தானாக வரும் வரைபடமாக இருக்கவேண்டும் என்பது எனது கருத்து. செய்மதிப் படத்தை அதற்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம். திறந்த வரைபடத்தின் தகவல்களை இறக்கிச் சொந்தக் கணினியில் வைத்திருக்கலாம், அச்சிட்டுக் கொடுக்கலாம், ஓர் ஊருக்குத் தமிழ்ப் பெயரையும் சிங்களப் பெயரையும் தனித்தனியே பதியலாம். 2013 அளவில் மட்டக்களப்பு மண்முனை வடக்குப் பிரதேசத்தின் கட்டடங்களும் வீதிகளும் இவ்வாறு ஓபன்ஸ்ட்ரீட்மெப்பில் வரையப்பட்டன. இது எமக்கு எட்டாத வித்தையல்ல.

ஆயினும் குறைகளையும் சொல்லவேண்டும். எவரும் வரையலாம் என்றால் எவரும் பிழையாகவும் வரையலாம். யாரும் வரையாத ஊர் திறந்த வரைபடத்திலும் வெறுமைதான். அதன் பொதுக் கணினிகள் நன்கொடையில் இயங்குவன. பெருந்தொகையானோர் ஒரேயடியாகப் பார்க்கும் தளத்தை முழுவதும் அவற்றின்மேற் சுமத்த முடியாது. வேறு ஒழுங்கை முன்னரே செய்துவைக்கவேண்டும்.

இன்னொன்று, எல்லாவற்றிலும் பாரதூரமானது. போர்க்காலத்தில் புள்ளி வைப்பது ஆபத்து. 2011 இல் லிபியாவுக்காக உஷாஹிதியில் வரைபடம் தயாரித்தபோது, முழு விபரங்கள் நிவாரணப் பணியாளருக்கு மாத்திரம் கடவுச்சொல்லுடன் வழங்கப்பட்டன. பொதுமக்கள் பார்த்த வரைபடம் 24 மணித்தியாலம் தாமதமாகவும் விபரங்கள் குறைக்கப்பட்டும் வந்தது. வீதியும் குளமும் எல்லோருக்கும் திறந்திருக்கட்டும். ஒரு குடும்பம் எந்தக் கூரையின் கீழ் ஒதுங்கியிருக்கிறது என்பது அப்படித் திறந்திருக்கக் கூடாது. மென்பொருளைக் கொண்டுவருபவர் யாராயினும் அவரிடம் இவ்விரண்டையும் பற்றிக் கேளுங்கள்.

கூடும்போது செய்துபார்க்க ஒரு வேலை தருகிறேன். பெரிய தாளொன்றில் உங்கள் ஊரை வரையுங்கள். முதலில் குளம், பின் வாய்க்கால், வண்டிப்பாதை, பாடசாலை, கோயில், பொதுக்கிணறு. வயோதிபரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், திடல்களின் பெயர்களை அவர்களே அறிவார்கள். தண்ணீர் அள்ளப் போகும் பெண்களிடம் ஒற்றையடிப் பாதைகளைக் கேளுங்கள். பெயர்களைத் தமிழில் தெளிவாக எழுதி, வரைந்த திகதியையும் இடுங்கள். வீட்டுக்காரர் பெயர்களை எழுதவேண்டாம். பின்னர் கணினி தெரிந்த இளைஞர் ஒருவரிடம் கொடுத்து, திறந்த வரைபடத்தில் உங்கள் ஊர் இருக்கும் இடத்தைத் திறக்கச் சொல்லுங்கள். தாளில் இருப்பவற்றுள் எவை அங்கே இல்லையோ அவற்றைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டு, அங்கிருந்தே வரையத் தொடங்குங்கள்.