குறுக்கெழுத்தில் ஒரு நாடக மேடை

விடுகதை போட்டு விளையாடாத தமிழ்ப் பிள்ளை இல்லை. அந்த விடுகதை கட்டத்துக்குள் அடங்கினால் அதுவே குறுக்கெழுத்துப் புதிர். 1913 டிசம்பர் 21ஆம் நாள் ‘நியூயார்க் வேர்ல்டு’ இதழில் ஆர்தர் வின் வெளியிட்ட புதிரை இவ்வகையில் முதலாவது என்பர். பிறந்த இடம் அயல்நாடாயினும், இதை விடுவிக்கும் கருவி நம் இலக்கணத்திலேயே உண்டு என்பது என் கருத்து.

நல்ல குறிப்பில் இரு பகுதிகள் இருக்கும். ஒன்று விடையின் பொருளைச் சொல்லும். மற்றது விடையின் எழுத்துகளைத் தரும். இரண்டும் ஒரே வாக்கியமாக வேடமிட்டு நிற்கும். அந்த ஒப்பனையைக் கலைப்பதே நம் வேலை.

விடுதி நண்பர்களுக்காக நாடகத்தை வைத்தே ஒரு புதிர் அமைத்தேன். அதிலிருந்து சில குறிப்புகள். அடைப்புக்குள் இருப்பது எழுத்துகளின் எண்ணிக்கை.

‘அடுப்பில் ஏறும், மேடையிலும் ஏறும் (5).’ இது சிலேடை. காளமேகத்தைப் படித்த நமக்குப் ‘பாத்திரம்’ என்று சொல்ல நேரமாகாது.

அடுத்த மூன்றுக்கும் நன்னூல் கூறும் தோன்றல், திரிதல், கெடுதல் என்ற விகாரங்களே வழிகாட்டி.

‘டமாரத்தின் தலை பாம்புக்குள் புகுந்த கூத்து (4).’ பாம்பு நாகம். டமாரத்தின் தலை ‘ட’. நடுவே அது தோன்ற, ‘நாடகம்’ ஆயிற்று.

‘வேடன் ஈறு திரிந்தால் நடிகன் போடுவது (3).’ னகரம் மகரமாகத் திரிய, ‘வேடம்’.

‘தலை இழந்த குதிரை காட்சி முடிந்ததும் விழுகிறது (2).’ குதிரையின் முதலெழுத்துக் கெட, ‘திரை’.

இவ்வளவையும் நண்பர்கள் அரை மணியில் முடித்துவிட்டார்கள். ஒன்றுமட்டும் நின்றது: ‘காசிநாதனுக்கு அடியவர், சிவகாசியில் பிறந்து மயில்மேல் மறைந்தார் (7).’

காசிநாதன் விசுவநாதன், அடியவர் தாஸ். னகரம் கெட்டு இரண்டும் சேர, ‘விசுவநாததாஸ்’. எழுத்துகள் கிடைத்தன, ஆள் யாரென்று தெரியவில்லை. சிவகாசியிலிருந்து வரும் நண்பரே, “யாருக்கும் தெரியாத பெயரைக் கேட்பது முறையா?” என்றார். நியாயமான கேள்விதான். சென்ற ஆண்டுவரை நானும் அறியாதவனே.

அவர் 1886இல் சிவகாசியில் பிறந்த நாடக நடிகர். கொக்கைப் பாடுவதுபோல் வெள்ளையர் ஆட்சியைப் பாடியவர். 1940 டிசம்பர் 31 இரவு, சென்னையில் ‘வள்ளி திருமணம்’ நாடகத்தில் முருகனாக மயில்மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே உயிர் துறந்தார்.

அவருடைய மேடையும் ஒரு புதிர்க் கட்டமே. கேட்டவருக்குக் கொக்கு ஒரு பொருள். புரிந்தவருக்கு வேறு பொருள். அந்தச் சிலேடையை அன்றைய போலீசார் சரியாகவே விடுவித்தார்கள்; அதனால்தான் அவரைப் பலமுறை சிறையில் அடைத்தார்கள். அவர் பிறந்த மண்ணில் படிக்கும் நமக்கோ அவர் பெயரே புதிராகிவிட்டது.

ஆகவே அந்தக் குறிப்பை நான் நீக்கவில்லை. கடினமான குறிப்பு என்பது பெரும்பாலும் நாம் மறந்துபோன ஒன்றின் பெயர்தான். நண்பர்களே, அடுத்த முறை அந்த ஏழு கட்டங்களை யாரையும் கேளாமல் நிரப்புவோம்.