கல் வைத்த பழமும் மூட்டம் போட்ட தாரும்

போன கோடையில் கல்லலில் என் தோட்டத்து மாங்காயை விலை பேச வந்த வியாபாரி, "கல்லு வச்சா ரெண்டே நாள்ல நிறம் வந்துரும் சார்" என்றார். பேங்க்கில் சேருமுன் வேதியியல் படித்தவன் நான். சும்மா இருக்க முடியவில்லை.

கல் என்பது கால்சியம் கார்பைடு. ஈரம் பட்டால் அசிட்டிலீன் வாயு கிளம்பும். மிச்சம் நீற்றுச் சுண்ணாம்பு. வெல்டிங் பட்டறையில் எரிவதும் அதே வாயுதான்.

காய் பழுக்கும்போது தானே விடுவது எத்திலீன். 2 கார்பன், 4 ஹைட்ரஜன், கார்பன்களுக்கு நடுவே இரட்டைப் பிணைப்பு. அசிட்டிலீனில் ஹைட்ரஜன் 2தான், பிணைப்பு மூன்று. சாயல் ஒன்றாக இருப்பதால் காய் ஏமாந்துபோகிறது. தோல் மஞ்சளாகும், முற்றாத காயென்றால் உள்ளே புளிப்புதான். கடைக் கார்பைடில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பும் உண்டு. ஈரத்தில் அவையும் நச்சு வாயுவாக வரும். 2011 உணவுப் பாதுகாப்பு விதிகளில் இதற்குத் தடை.

அப்போ வாழைத்தாருக்கு நம்மவர்கள் மூட்டம் போட்டது? காற்றுப் பத்தாத வைக்கோல் முழுசாக எரியாது. எரிந்தால் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும்தான் மிஞ்சும். அரைகுறையாகப் புகைவதால் கொஞ்சம் எத்திலீனும் சேர்ந்து வருகிறது. கார்பன் மோனாக்சைடும் வரும்; மூட்ட அறைக்குள் தலையை நீட்டாதீர்கள்.

நான் முற்றின காயாகப் பறித்து வைக்கோலில் அடுக்கி, நடுவே பழுத்த பழம் ரெண்டு வைத்துச் சாக்கால் மூடுகிறேன். ஐந்தாறு நாள் ஆகும். ஒரே நாளில் எல்லாம் பழுக்காது, மொத்தமாகவும் விற்க முடியாது. அந்த வியாபாரி திரும்ப வரவில்லை.