போட்டோ பூத்துக்கு எந்த ஹெச்.எஸ். கோட்?

கேள்வி: ஐயா, நானும் என் தங்கையும் சேர்ந்து கல்லூரிப் பக்கம் ஒரு சின்னக் கடை பிடித்திருக்கிறோம். தென்கொரியாவிலிருந்து செல்ஃப் போட்டோ பூத் இரண்டு வரவழைக்கப் போகிறோம். உள்ளே உட்கார்ந்து திரையைத் தொட்டால் படம் எடுத்து, அச்சடித்தும் கொடுத்துவிடும். உள்ளே கம்ப்யூட்டர் இருப்பதால் கம்ப்யூட்டருக்கான 8471 என்ற தலைப்பில் போடலாம், அடிப்படைச் சுங்கவரி கிடையாது என்கிறார் கிளியரிங் ஏஜென்ட். கேமராதானே, 9006 என்கிறார் இன்னொருவர். மென்பொருளுக்குத் தனி இன்வாய்ஸ் வருகிறது. மாதாமாதம் லைசென்ஸ் கட்டணமும் கட்ட வேண்டும். அதற்கும் சுங்கவரி உண்டா?
- ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: உங்கள் ஏஜென்ட் சொன்னதும் சரியில்லை, மற்றவர் சொன்னதும் சரியில்லை அம்மா. பெட்டி கப்பலேறும் முன்பே கேட்டீர்களே, அதுவே பெரிய நிம்மதி.

முதலில் 8471. கம்ப்யூட்டர் பூட்டிய எந்திரமெல்லாம் கம்ப்யூட்டர் ஆகிவிடாது. தரவைக் கையாள்வதைத் தவிர வேறொரு குறிப்பிட்ட வேலையைச் செய்யும் எந்திரத்தை அந்த வேலைக்குரிய தலைப்பில்தான் வைக்க வேண்டும் என்று 84-ஆம் அத்தியாயத்தின் 6-ஆம் குறிப்பே சொல்கிறது. உங்கள் கடைக்கு வரும் பிள்ளைகள் கணக்குப் போடவா வருகிறார்கள்? படம் எடுத்துக்கொள்ள வருகிறார்கள்.

அடுத்து 9006. 1925-ல் நியூயார்க் பிராட்வேயில் அனடோல் ஜோசஃபோ திறந்த பூத்தில், 25 சென்ட் போட்டால் எட்டுப் படங்கள் வரும். ரசாயனத் தொட்டிகளெல்லாம் பெட்டிக்குள்ளேயே இருந்தன. அந்த வம்சத்துக்கு 9006 பொருந்தும். டிஜிட்டல் கேமராவை 90-ஆம் அத்தியாயத்தின் முதல் குறிப்பே வெளியே தள்ளி 8525-க்கு அனுப்பிவிடுகிறது.

ஆக, மிஞ்சுவது 8525-ம் பிரின்டருக்கான 8443-ம்தான். பல வேலை செய்யும் எந்திரத்தை அதன் முதன்மையான வேலையை வைத்து வகைப்படுத்தச் சொல்கிறது 16-ஆம் பிரிவின் 3-ஆம் குறிப்பு. பூத்தின் கதவைத் திறந்து பாருங்கள். கண்ணாடிக்குப் பின்னால் கேமரா, சுற்றி விளக்குகள், கீழே பிரின்டர். பெரும்பாலும் அது டை-சப்ளிமேஷன் வகைப் பிரின்டராக இருக்கும். ஒரே தாள் மஞ்சள், மெஜன்டா, சயான், மேற்பூச்சு என்று நான்கு முறை போய்வந்து வெளியே விழும். பெட்டிக்குள் விலை கூடிய பாகம் பிரின்டராகவே இருக்கலாம். அதைக் காட்டி 8443 என்று வாதிடுகிறவர்கள் உண்டு. அதை அப்படியே ஒதுக்கிவிட முடியாது. ஆனாலும் என் முடிவு 8525 89. ஆள் வந்து உட்காருவது படம் எடுத்துக்கொள்ளத்தான். தாள், அந்தப் படத்தை வீட்டுக்குக் கொண்டுபோகும் வழி. முதன்மையான வேலை எதுவென்றே தீரவில்லை என்றாலும், பொது விளக்க விதி 3(சி)-யின்படி எண் வரிசையில் கடைசியாக வரும் தலைப்பைத்தான் எடுக்க வேண்டும். அதுவும் 8525-லேயே கொண்டுவந்து விடும். கேமராவே இல்லாமல், போனிலும் பென்டிரைவிலும் உள்ள படங்களை அச்சடிக்கும் கியோஸ்க் என்றால் நானும் 8443 என்றுதான் சொல்வேன்.

பூத் நான்கு பெட்டிகளில் பிரித்து வந்தாலும் பரவாயில்லை. ஒரே சரக்காக, ஒரே பில் ஆஃப் என்ட்ரியில் வரட்டும். தொடுதிரைக் கம்ப்யூட்டரை மட்டும் தனியாக வரவழைத்தால் அது 8471-க்குப் போய்விடும். ஆல்-இன்-ஒன் கம்ப்யூட்டருக்கு 2023 நவம்பர் 1 முதல் இறக்குமதி அனுமதி வாங்க வேண்டும், பி.ஐ.எஸ். பதிவும் கேட்பார்கள்.

இனி மென்பொருள். சிறு தொழில் செய்கிறவர்கள் அடிபடுவது இங்கேதான், அதனால் நிதானமாகப் படியுங்கள். எந்திரத்திலேயே ஏற்றி வரும் மென்பொருளுக்குத் தனிக் கோட் தேட வேண்டாம்; அதன் விலை எந்திரத்தின் விலையோடு சேரும். தனி இன்வாய்ஸ் போட்டதால் அது பிரிந்துவிடாது. கம்ப்யூட்டரில் ஏற்றிய மென்பொருளின் விலையைச் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2004-ல் சொன்னது உண்மை. புதுச்சேரி ஏசர் வழக்கு அது. ஆனால் அது கலால் வழக்கு. 2006-ல் அஞ்சலீம் வழக்கில், எந்திரத்தின் சிப்பிலேயே பதிந்த மென்பொருளின் விலையைச் சேர்க்க வேண்டும் என்று அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஏசர் தீர்ப்பைக் காட்டித் தைரியம் சொல்கிறவர்களை நம்பி இறங்காதீர்கள்.

மென்பொருள் டிஸ்க்கில் தனியாக வந்தால் 8523 80 20. இணையத்தில் இறக்கிக்கொண்டால் துறைமுகத்தைத் தாண்டும் சரக்கு எதுவும் இல்லை. சேவை இறக்குமதி என்ற கணக்கில் ரிவர்ஸ் சார்ஜ் முறையில் ஐ.ஜி.எஸ்.டி.யை நீங்களே கட்ட வேண்டும்.

மாத லைசென்ஸ் கட்டணம் மட்டும் தனிக் கதை. 2007-ஆம் ஆண்டுச் சுங்க மதிப்பீட்டு விதிகளில் 10(1)(சி)-யைப் பாருங்கள். இறக்குமதிச் சரக்கோடு தொடர்புடைய லைசென்ஸ் கட்டணம், விற்பனையின் நிபந்தனையாக இருந்தால் சரக்கின் மதிப்போடு சேர வேண்டும். ஒப்பந்தத்தை எடுத்து வரிவரியாகப் படியுங்கள். 'லைசென்ஸ் எடுக்காவிட்டால் எந்திரம் விற்க மாட்டோம்' என்ற பொருளில் ஒரு வரி இருந்தால் கட்டணத்தைச் சேர்த்துத்தான் காட்ட வேண்டும். விரும்பினால் வாங்கிக்கொள்ளும் புது ஃபிரேம் டிசைன்களுக்கான சந்தா என்றால் சேராது. மொத்தக் கட்டணம் எவ்வளவு வரும் என்று இப்போதே சொல்ல முடியாவிட்டால், சுங்கச் சட்டம் 18-ஆம் பிரிவில் தற்காலிக மதிப்பீடு கேளுங்கள். ஒப்பந்தத்தை மறைத்து, பிறகு அது வெளியே வந்தால், ஐந்து ஆண்டு வரை பின்னோக்கி நோட்டீஸ் அனுப்ப முடியும். வரியோடு வட்டி, வரிக்குச் சமமான அபராதம் என்று ஏறிக்கொண்டே போகும். கையெழுத்துப் போட்டவர் நீங்கள்தான், ஏஜென்ட் அல்ல.

இன்னும் பெட்டி கிளம்பவில்லை என்றால் சுங்க முன்தீர்ப்பு ஆணையத்திடம் விண்ணப்பித்துவிடுங்கள். தில்லியிலும் மும்பையிலும் இருக்கிறது. அங்கே வாங்கிய தீர்ப்பு சில ஆண்டுகளுக்கு உங்களைக் காக்கும். கொரியாவோடு 2010 முதல் நடைமுறையில் உள்ள ஒப்பந்தத்தின் சலுகை வேண்டுமானால், எந்திரம் உண்மையில் கொரியத் தயாரிப்பா என்று விற்பவரிடம் ஆதாரம் கேளுங்கள். கொரியாவிலிருந்து கப்பலேறியது மட்டும் போதாது.

ரிப்பனையும் தாளையும் எந்திரத்தின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். ரிப்பன் 9612. தாளில் ஒளி பட்டு மாறும் பூச்சு இல்லாததால், போட்டோ பேப்பர் என்ற பெயரைப் பார்த்து 3703-ல் போடக் கூடாது.