ஒரு பெருக்கற் கணக்கும் அதன் மறுப்பும்

போர் வரலாறு படிப்போர் பெரும்பாலும் தளபதிகளின் பெயர்களையும் போர்க்களங்களின் பெயர்களையுமே நினைவிற் கொள்வர். ஆயின், இரண்டாம் உலக யுத்தத்தின் கொடிய முடிவுகளுள் ஒன்றுக்கு அரணாய் நின்றது ஒரு பெருக்கற் கணக்கு. கணிதமும் பௌதிகமும் பயிலும் நம் மாணவர் அதனைத் தாமே செய்து பார்த்தல் தகும்.

1941 இல், பிரித்தானியக் குண்டுவீச்சு விமானங்கள் இரவிலே ஜேர்மனி சென்று தொழிற்சாலைகளையும் புகையிரத நிலையங்களையும் தாக்கி மீள்வதாக விமானிகள் அறிவித்து வந்தனர். பகலிற் சென்றால் எதிரியின் போர் விமானங்களுக்கு இரையாதல் நேருமாதலின் இரவையே நாடினர். பிரதமர் சேர்ச்சிலின் விஞ்ஞான ஆலோசகராய் இருந்த செர்வெல் பிரபு, அஃதாவது ஒக்ஸ்போட் பேராசிரியர் லிண்டெமன், இவ்வறிக்கைகளில் ஐயங்கொண்டார். பட் என்னும் இளம் அலுவலரைக் கொண்டு, விமானங்களிலிருந்து எடுக்கப்பட்ட 600க்கு மேற்பட்ட படங்களை ஆராய்வித்தார். இலக்கைத் தாக்கியதாகக் கூறிய விமானங்களுள் மூன்றில் ஒன்றே அதற்கு ஐந்து மைலுக்குள் சென்றிருந்தது. புகை மண்டிய றூர்ப் பிரதேசத்திலோ பத்தில் ஒன்றுதான். ஐந்து மைல் ஆரையுள்ள வட்டத்தின் பரப்பு ஏறக்குறைய 78 சதுர மைல் என்பதை நினைக்க, இதனைக் குறி என்று சொல்லவும் நாக் கூசும்.

தொழிற்சாலையைக் குறிதவறாது தாக்க இயலாதெனின் செய்யத்தக்கது யாது? குறியையே பெரிதாக்குவது என்பது கிடைத்த விடை. 1942 பெப்ரவரி 14 இல் வெளிவந்த கட்டளை, எதிரிநாட்டுப் பொதுமக்களின், சிறப்பாகத் தொழிலாளரின், மனவுறுதியையே தாக்குதலின் நோக்கமாக்கிற்று. எட்டு நாட்களின் பின் ஆதர் ஹரிஸ் குண்டுவீச்சுப் படையின் தலைமையை ஏற்றார்.

மார்ச் 30 இல் செர்வெல் பிரபு பிரதமருக்கு விடுத்த குறிப்பிலே கணக்கு வருகின்றது. ஒரு விமானம் அழியுமுன் ஏறத்தாழ 14 முறை சென்று 40 தொன் குண்டுகளை வீசும். ஒரு தொன் 100 முதல் 200 பேரை வீடற்றவராக்கும். எனவே ஒரு விமானத்துக்கு 4,000 முதல் 8,000 பேர். அடுத்த ஆண்டின் நடுப்பகுதிக்குள் 10,000 விமானங்கள் கிடைக்கும். குண்டுகளிற் பாதியே நகரங்களில் விழுந்தாலும், சிறிய எண்ணைக் கொள்ளினும், இரண்டு கோடிப் பேர் வீடிழப்பர். இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களைக் கொண்ட 58 ஜேர்மனிய நகரங்களில் வாழ்ந்தோரோ 2 கோடி 20 இலட்சம். விடை அச்சொட்டாய் வந்துவிடுகின்றது!

சேர் ஹென்றி டிசாட் இம்மதிப்பு ஐந்து மடங்கு மிகையென்றார். பேராசிரியர் பிளாக்கெற் ஆறு மடங்கு என்றார். தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் விமானம் அனைத்தும் அதே காலத்துக்குள் தம் குண்டுகள் முழுவதையும் வீசித் தீர்த்துவிடும் எனக் கொண்டதே முதற் பிழை என்பதைப் பிளாக்கெற் எடுத்துக் காட்டினார். இருவர் சொல்லும் ஏற்கப்படவில்லை.

எண்களின் பிழையினும் பெரிய பிழை வேறொன்று என்பது எம் கருத்து. வீடிழந்தோர் மனமுடைவர் என்பது எங்ஙனம் அறியப்பட்டது? ஜேர்மனியக் குண்டுகளுக்கு இலக்கான ஹல், பேர்மிங்ஹாம் ஆகிய இரு நகரங்களையும் பேர்ணலும் சுக்கர்மனும் அப்பொழுது ஆராய்ந்துகொண்டிருந்தனர். செர்வெல் அவ்வாய்வையே சான்றாகக் காட்டினார். ஆனால் அது முடிவுற்றது ஏப்பிரல் 8 இல். குறிப்பு சென்று ஒன்பது நாள் கழித்து. இரு நகரங்களிலும் மக்கள் பீதியுற்றமைக்குச் சான்றில்லை என்றும், உற்பத்தி குறைந்தது பெரும்பாலும் தொழிற்சாலைகள் நேரே தாக்குண்டமையாலேயே என்றும் அது கூறிற்று.

பின் நிகழ்ந்தவை பலரும் அறிந்தவை. 1943 யூலை இறுதியில் ஹம்பேர்க் நகரில் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆயினும் ஜேர்மனியின் ஆயுத உற்பத்தி 1944 இன் நடுப்பகுதி வரை ஏறிக்கொண்டே சென்றது. ஹரிஸின் பக்கத்தார், குண்டுவீச்சு எதிரியின் பீரங்கிகளையும் விமானங்களையும் உருசியப் போர்முனையிலிருந்து ஈர்த்தது என்பர். அதில் உண்மை உண்டு. ஆனால் 1942 இன் கணக்கு வாக்களித்தது அதுவன்று. குண்டுவீச்சுப் படையில் 55,573 பேர் உயிர் நீத்தனர்.

டிசாட்டும் பிளாக்கெற்றும் வேண்டியது, விமானங்களில் ஒரு பங்கு கடற்காவலுக்குத் தரப்படவேண்டும் என்பதே. செர்வெலின் குறிப்பு எழுதப்பட்டு ஆறு நாட்களில், ஏப்பிரல் 5 இல், யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 9 இல் திருகோணமலையைத் தாக்கின. அப்படை வருவதை முதல்நாளே கண்டறிவித்தது கொக்கலையிலிருந்து பறந்த ஒரு கட்டலினா. கடற்காவல் விமானம் ஒன்றின் பெறுமதியை இலங்கையர்க்கு விளக்க வேண்டியதில்லை. அத்திலாந்திக்கின் நடுவில் விமானம் எட்டாத பரப்பொன்று இருந்தது. கப்பல்கள் அங்கேயே கூட்டங் கூட்டமாய் மூழ்கின. 1943 வசந்தத்தில் நெடுந்தூரம் பறக்கும் இலிபரேற்றர் விமானங்கள் சில பத்து அங்கு பறக்கத் தொடங்கின. பாதுகாப்புக் கப்பல்களும் புதிய ரேடார் கருவியும் துணைநின்றன. மே மாதத்தில் மட்டும் ஜேர்மனி 41 நீர்மூழ்கிக் கப்பல்களை இழந்தது; 24ஆந் திகதி கடற்படைத் தலைவர் டோனிற்ஸ் எஞ்சியவற்றை வட அத்திலாந்திக்கிலிருந்து விலக்கிக்கொண்டார்.