அஞ்சு தாண்டிய 6.70 மீட்டர்: நீளம் தாண்டுதல் ஒரு பாடம்



நம்ம சுவர் இதழில் விளையாட்டுன்னா எப்பவும் கிரிக்கெட்தான். இந்த மாதம் ஒரு மாறுதலுக்கு, பெண்கள் நீளம் தாண்டுதலைப் பற்றி எழுதுகிறேன். குறுவட்டப் போட்டிக்கு நம்ம பள்ளியிலிருந்து நாங்க ஆறு பேர் பெயர் கொடுத்திருக்கோம். மற்ற ஐந்து பேரும் அவசியம் படிக்கணும்!

2003 ஆகஸ்ட் 30. பாரிஸ் நகரத்தை ஒட்டிய ஸ்டாட் டி ஃபிரான்ஸ் மைதானம். உலகத் தடகள சாம்பியன்ஷிப், பெண்கள் நீளம் தாண்டுதல் இறுதிப் போட்டி. பிரான்ஸ் நாட்டின் யூனிஸ் பார்பர் 6.99 மீட்டர் தாண்டித் தங்கம். ரஷ்யாவின் தாத்தியானா கோத்தோவா 6.74, வெள்ளி. மூன்றாவதாக 6.70 மீட்டர், வெண்கலம்: கேரளத்தைச் சேர்ந்த நம்ம அஞ்சு பாபி ஜார்ஜ்! உலகத் தடகள சாம்பியன்ஷிப்பில் இந்தியா வாங்கிய முதல் பதக்கம் இதுதான். அடுத்த பதக்கம் எப்போ வந்தது தெரியுமா? 2022-இல், நீரஜ் சோப்ரா ஈட்டி எறிந்து வெள்ளி வாங்கியபோது. நடுவில் 19 வருஷம்!

வெள்ளிக்கும் வெண்கலத்துக்கும் வித்தியாசம் 4 சென்டிமீட்டர். உங்க ஜியாமெட்ரி பாக்ஸ் ஸ்கேலில் பாருங்க, ஏறக்குறைய இரண்டு கட்டைவிரல் அகலம்தான். 6.70 மீட்டர் என்றால் ஏறக்குறைய 22 அடி. 20 அடி அகல வகுப்பறையில் இந்தச் சுவரில் தாண்டினால் அந்தச் சுவரில் முட்டிக்குவோம்.

தங்கம் வாங்கிய பார்பர் பிறந்தது ஆப்பிரிக்காவில், சியரா லியோன் நாட்டில். முதலில் அந்த நாட்டுக்காகத்தான் ஒலிம்பிக்கில் விளையாடினார். அப்புறம் பிரான்ஸ் நாட்டவர் ஆனார். இதே பாரிஸ் போட்டியில், ஏழு விளையாட்டுகள் சேர்ந்த ஹெப்டத்லானிலும் வெள்ளி வாங்கி, சில நாள் கழித்துத்தான் இந்தத் தாண்டலுக்கு வந்தார். (நாம ஒரு 100 மீட்டர் ஓடிட்டு மறுநாள் லீவு போடுறோம்!)

இப்போ பாடத்துக்கு வருவோம். +1 இயற்பியலில், எறிபொருளை 45 டிகிரியில் எறிந்தால் அதிக தூரம் போகும்னு படிச்சிருக்கோம். அப்போ 45 டிகிரியில் தாண்டினால் ஜெயிச்சிடலாமா? முடியாது. பெரிய வீராங்கனைகள் சுமார் 20 டிகிரியில்தான் எழும்புகிறார்கள். காரணம் இதுதான். கல்லை எந்தக் கோணத்தில் எறிந்தாலும் வேகம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். ஓடி வருகிற மனுஷி அப்படி இல்லை. வேகம் முழுக்க முன்பக்கம் இருக்கு. அதை மேல்பக்கம் திருப்ப, பலகையில் கால் படுகிற சுமார் 0.12 செகண்ட்தான் கிடைக்கும். அதற்குள் 45 டிகிரிக்கு எழும்பணும்னா ஓட்டத்துக்கே பிரேக் போடணும். வேகம் போனால் தூரமும் போச்சு. அதனால் நீளம் தாண்டுகிறவர் முதலில் நல்ல ஓட்டக்காரியாக இருக்கணும். உயரமாக எம்பிக் குதிக்கிறவங்களை விட வேகமாக வந்து லேசாக எழும்புகிறவங்க தூரம் போவாங்க.

இன்னொரு சந்தேகம். காற்றில் கால்களைச் சைக்கிள் மிதிக்கிற மாதிரி ஆட்டுறாங்களே, அதனால் கூடுதலாகப் போக முடியுமா? முடியாது. தரையை விட்டபின் எதை உதைத்து முன்னேறுவது? பலகையில் கால் ஊன்றும்போது உடம்பு முன்பக்கம் கவிழப் பார்க்கும். அதைத் தடுத்து, இறங்கும்போது கால் முன்னால் நீள்வதற்காகத்தான் அந்த ஆட்டம்.

அடுத்தது, நம்ம கிரவுண்டில் வருஷா வருஷம் சண்டை வருகிற விஷயம்: ஃபவுல். பலகை 20 சென்டிமீட்டர் அகலம். அதை மிதிப்பது தப்பே இல்லை, மிதிக்கத்தான் அது இருக்கு. மணல் பக்கம் உள்ள அதன் ஓரத்தைத் தாண்டினால்தான் ஃபவுல். முன்பு அந்த ஓரத்துக்கு அப்பால் களிமண் மாதிரி பிளாஸ்டிசின் வைத்து, அதில் ஷூ தடம் விழுந்தால் ஃபவுல் என்பார்கள். 2021 நவம்பரிலிருந்து விதி இன்னும் கடுமை. ஷூ முனை தரையில் படாமல் அந்த ஓரத்துக்கு நேர் மேலே கடந்தாலே ஃபவுல். அளப்பதும் அந்த ஓரத்திலிருந்துதான். நீங்க ஒரு அடி முன்னாடியே எழும்பினால் அந்த ஒரு அடி போச்சு, யாரும் திருப்பித் தர மாட்டாங்க.

மணலில் எதிலிருந்து அளப்பாங்க? பலகைக்கு மிக அருகில் விழுந்த தடத்திலிருந்து. கால் அஞ்சு மீட்டரில் விழுந்து, பின்னால் கை ஊன்றினால், கை பட்ட இடம்தான் கணக்கு. உடம்போடு இருக்கிற எதுவாக இருந்தாலும் சரி. தோழிகளே, ரிப்பன் கட்டிய நீளச் சடை மணலில் பட்டாலும் அதுவும் தடம்தான்! கொண்டை போட்டுக்கிட்டு வாங்க.

இரண்டு பேர் ஒரே தூரம் தாண்டினால் அவங்களோட இரண்டாவது சிறந்த தாண்டலைப் பார்ப்பாங்க. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ரஷ்யாவின் சிமாகினாவும் கோத்தோவாவும் 7.05. இந்த விதிப்படி சிமாகினாவுக்கு வெள்ளி. அதில் அஞ்சு 6.83 தாண்டி ஆறாவது. ஐந்தாவதாக வந்த அமெரிக்காவின் மரியான் ஜோன்ஸ் ஊக்கமருந்து எடுத்ததை 2007-இல் ஒப்புக்கொண்டதும் அஞ்சு ஐந்தாவது ஆனார். 2005-இல் மொனாக்கோ உலகத் தடகள இறுதிப் போட்டியில் அஞ்சுவுக்கு வெள்ளிதான் கொடுத்தாங்க. ஜெயித்த கோத்தோவா ஊக்கமருந்தில் மாட்டியதால் 2014-இல் அது தங்கமாக மாறியது. ஆனால் அன்னைக்கு மேடையில் நின்று கேட்க வேண்டிய தேசிய கீதத்தை யார் திருப்பித் தர முடியும்? இதை நினைச்சா எனக்கு இன்னும் கோபம் வரும்.

ஒரே ஒரு சிறுநீரகத்தோடுதான் இத்தனையும் தாண்டினேன், வலி மாத்திரைகூட எனக்கு ஒத்துக்காது என்று 2020 டிசம்பரில் அஞ்சுவே வெளியில் சொன்னார். (உலக சாதனை 7.52 மீட்டர். 1988-இல் லெனின்கிராடில் சோவியத் வீராங்கனை கலீனா சிஸ்தியகோவா. அதை இன்னும் யாரும் தொடவில்லை.)

கடைசியாகத் தலைமையாசிரியர் ஐயாவுக்கும் பி.டி. மிஸ்ஸுக்கும் ஒரு வேண்டுகோள். நம்ம குழியில் மணல் மழை பெய்து இறுகி, சிமென்ட் தரை மாதிரி கிடக்கு. போன வாரம் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு முட்டி பெயர்ந்து ரத்தம் வந்தது, அதிலிருந்து அவ குழிப்பக்கமே வர்றதில்லை. சுடிதாரோடு தாண்டினால் கால் தட்டுது, பி.டி. பீரியடில் டிராக் பேன்ட் போட அனுமதி வேணும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாங்க ஆறு பேரும் குழியைக் கொத்தி விடத் தயார். மண்வெட்டி நான் வீட்டிலிருந்து கொண்டு வர்றேன், கடப்பாரை வாட்ச்மேன் தாத்தாகிட்ட இருக்கு.