பாடம் 4: சொல்லைப் பிரித்துப் பொருள் அறிவோம்

வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. சூரியன் எழும் பக்கம், படும் பக்கம் என்று பிரித்தவுடன் பெயரின் பொருள் விளங்குகிறது. மீள்குடியேற்றப் படிவங்களில் வரும் ஆங்கிலச் சொற்கள் பலவற்றையும் இவ்வாறே பிரித்து அறியலாம்.

1. ‘டிஸ்’ – விலக்குதல், நீக்குதல்
‘பிளேஸ்’ என்றால் இடம். ‘டிஸ்பிளேஸ்ட்’ என்றால் இடம்பெயர்ந்த. 2006, 2007ஆம் ஆண்டுகளில் வாகரையிலும் படுவான்கரையிலும் இருந்து வெளியேறிய குடும்பங்களை ஆவணங்கள் இச்சொல்லால் குறித்தன.

2. ‘ரீ’ – மீண்டும்
‘செற்றில்’ என்றால் குடியமர்தல். ‘ரீசெற்றில்மென்ற்’ என்றால் மீள்குடியேற்றம். தமிழில் ‘மீள்’ செய்யும் வேலையை இங்கே ‘ரீ’ செய்கிறது. ‘ரீபில்ட்’ மீளக் கட்டுதல். ‘ரீபே’ திருப்பிச் செலுத்துதல்.
கவனிக்க: ‘ரீலொக்கேஷன்’ என்பது வேறோர் இடத்தில் குடியமர்த்துவது. நீங்கள் சொந்தக் காணிக்குத் திரும்புபவராயின், இச்சொல்லைக் கண்டதும் எந்த இடம் என்று கேளுங்கள்.

3. ‘இன்’ – இல்லாமை
‘எலிஜிபிள்’ தகுதியுள்ள, ‘இன்எலிஜிபிள்’ தகுதியற்ற. ‘வொலன்ரறி’ சுயவிருப்பின்படி, ‘இன்வொலன்ரறி’ விருப்பமின்றி. மீளத் திரும்புதல் சுயவிருப்பின்படியும் பாதுகாப்பாகவும் கௌரவமாகவும் அமைய வேண்டும் என்பது உள்நாட்டு இடப்பெயர்வு பற்றிய ஐ.நா. வழிகாட்டிக் கோட்பாடுகளில் (1998) 28ஆவது கோட்பாடு.
எல்லா ‘இன்’னும் இல்லாமையைக் குறிக்காது. ‘இன்கம்’ என்றால் வருமானம்.

4. பணம் பற்றிய சொற்கள்
‘கிறான்ற்’ மானியம். திருப்பிச் செலுத்தத் தேவையில்லை. ஆனால் குறித்த வேலைக்கே செலவிட வேண்டும். ‘லோன்’ கடன். ‘இன்ரறெஸ்ற்’ என்பதற்கு ஆர்வம் என்றும் பொருள் உண்டு. பணத்தோடு வந்தால் அது வட்டி. ஒரு படிவத்தில் ‘ரீபே’, ‘இன்ரறெஸ்ற்’ இரண்டும் இருந்தால் அது பெரும்பாலும் கடன் படிவமே.

பயிற்சி
பொருள் எழுதுக:
அ. ஹவுசிங் கிறான்ற்
ஆ. டிஸ்பிளேஸ்ட் ஃபமிலி
இ. வொலன்ரறி ரீசெற்றில்மென்ற்

விடை: அ. வீட்டு மானியம் ஆ. இடம்பெயர்ந்த குடும்பம் இ. சுயவிருப்பின்படியான மீள்குடியேற்றம்

நினைவிற் கொள்க
நாளொன்றுக்கு மூன்று சொற்களைக் கொப்பியில் பொருளுடன் எழுதி, வீட்டாருக்கும் சொல்லிக்கொடுங்கள். 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி தமிழும் அரச கரும மொழியே. ஆகவே பிரதேச செயலகத்தில் தமிழ்ப் படிவத்தைக் கேட்கத் தயங்க வேண்டாம். பொருள் விளங்காத எந்தப் படிவத்திலும் கையொப்பமிட வேண்டாம்.