வண்டியும் உடலும்

மதுரையிலிருந்து மேலூர் செல்லும் சாலையில், யானைமலையின் அடியில் உள்ள ஒத்தக்கடைப் பக்கம், காலை எட்டு மணிக்கு நின்று பாருங்கள். மாணவரும் மாணவியரும் மிதிவண்டிகளில் பள்ளிக்கு விரைந்து கொண்டிருப்பர். அவர்களுடைய முகங்களை விட்டுவிட்டு முழங்கால்களை மட்டும் சிறிது நேரம் கவனியுங்கள். சிலருடைய முழங்கால்கள் ஒவ்வொரு மிதிக்கும் மார்பை நோக்கி எழும்பிப் பக்கவாட்டில் விரியும். வேறு சிலர் எட்டாத மிதிகட்டையை எட்டுவதற்காக இடுப்பை இடமும் வலமுமாக அசைத்துக்கொண்டு செல்வர். முன்னவருக்கு இருக்கை மிகத் தாழ்ந்திருக்கிறது. பின்னவருக்கு மிக உயர்ந்திருக்கிறது. அளவோடு அமர்ந்து செல்பவரை எண்ணிவிடலாம்.

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்புப் பயிலும் மாணவர்க்கு விலையில்லா மிதிவண்டி வழங்கப்படுகிறது. 2001ஆம் ஆண்டையொட்டி மாணவியருள் ஒரு பகுதியினர்க்கு என்று தொடங்கிய இத்திட்டம், 2005–06ஆம் கல்வியாண்டில் விரிவுபெற்றது. வண்டி கிடைத்ததனால் மேல்வகுப்பைத் தொடர்ந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். ஆயினும் தொழிற்சாலை வண்டிகளை ஒரே அச்சில் வார்த்தாற்போலச் செய்கிறது. பதினாறு வயதுப் பிள்ளைகளின் கால்களோ ஒரே அளவில் வளர்வதில்லை. இந்த வேற்றுமையைச் சரிசெய்வதற்காகவே இருக்கையின் கீழே ஒரு திருகு வைக்கப்பட்டிருக்கிறது. அதைத் தொட்டவர் மிகச் சிலர்.

நான் அறிந்த மாணவி ஒருத்தி, மேலூர்ப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து நாள்தோறும் பத்துக் கிலோமீட்டர் மிதித்துப் பள்ளிக்கு வந்தாள். இரண்டு மாதத்தில் அவளுக்கு முழங்காலின் முன்புறம் வலிக்கத் தொடங்கியது. படியேறினால் வலி, தரையில் அமர்ந்து எழுந்தால் வலி. வீட்டில் உள்ளோர், "பெண்பிள்ளைக்கு இவ்வளவு தொலைவு ஆகாது, படித்த வரையில் போதும்" என்று பேசத் தொடங்கினர். நகரப் பேருந்தோ அவ்வூருக்குக் காலையில் ஒருமுறைதான் வரும். அவளுடைய படிப்பு அந்த வலியின்மேல் நின்றது.

காற்றடிக்கச் சென்ற இடத்தில் சைக்கிள் கடைக்கார முதியவர் அவள் ஏறி அமர்வதைப் பார்த்தார். "தாயி, காலில் குற்றமில்லை; சீட்டில்தான் குற்றம். இரண்டு பாதத்தையும் தரையில் ஊன்றி உட்கார்ந்திருக்கிறாயே, இது நாற்காலியா?" என்று கேட்டார். "கீழே விழுந்துவிடுவேன் என்ற பயம்தான், தாத்தா" என்றாள் அவள்.

நம்மில் பெரும்பாலோர் செய்யும் பிழை இதுவே. நிற்கும்போது கால் ஊன்றுவதற்கு வசதியாக இருக்கையைத் தாழ்த்திக்கொள்கிறோம். ஓடும்போது அதற்கு விலை கொடுக்கிறோம். முழங்கால் மிகவும் மடிந்த நிலையில் வலிந்து மிதிக்கும்போது, முழங்காற் சில்லு அதன் பின்னுள்ள எலும்பின்மீது பேரழுத்தத்துடன் பதிகிறது. ஒருமுறை இரண்டுமுறை என்றால் உடல் பொறுத்துக்கொள்ளும். ஆனால் கணக்கிட்டுப் பாருங்கள். முன் பற்சக்கரத்தில் 44 பற்களும் பின்னதில் 18 பற்களும் உடைய 28 அங்குலச் சக்கர வண்டி, மிதிகட்டை ஒரு சுற்றுச் சுற்றினால் ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் செல்லும். பத்துக் கிலோமீட்டருக்கு 1,800 சுற்றுகளுக்கு மேல் ஆகின்றன. போக வர, ஒவ்வொரு முழங்காலும் நாளொன்றுக்கு 3,600 முறைக்கு மேல் மடிந்து நீள்கிறது. இருக்கையில் உள்ள சிறு பிழை இத்தனை மடங்காகப் பெருகுகிறது.

சரியான உயரத்தை அறிய எளிய வழி உண்டு. ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் இருக்கையில் நேராக அமர்ந்து, குதிகாலை மிதிகட்டையின்மேல் வைத்துப் பின்னோக்கிச் சுற்ற வேண்டும். மிதிகட்டை அடியில் நிற்கும்போது கால் வளைவின்றி நீண்டிருக்க வேண்டும். இடுப்பு ஒருபுறம் சாயக் கூடாது. பிறகு, மிதிக்கும் முறைப்படி பாதத்தின் முன்பகுதியை வைத்தால் முழங்கால் தானே சிறிது வளைந்துவிடும். அவ்வளைவு 25 முதல் 35 பாகை வரை இருப்பது நன்று என்பர். அளவுநாடா விரும்புவோர்க்கு இன்னொரு வழி: ஹாம்லி, தாமஸ் என்னும் ஆய்வாளர் இருவர் 1967இல் வெளியிட்ட கணக்கு. கால்களின் கவட்டிலிருந்து தரைவரை உள்ள அளவை 1.09ஆல் பெருக்கினால், அடியில் நிற்கும் மிதிகட்டைக்கும் இருக்கையின் மேற்புறத்துக்கும் இடையே இருக்க வேண்டிய நீளம் கிடைக்கும். 76 சென்டிமீட்டர் கால் உடையவருக்கு இது ஏறக்குறைய 83 சென்டிமீட்டர். எனினும் கணக்கு தொடக்கத்துக்குத்தான் உதவும்; முடிவு சொல்ல வேண்டியது முழங்காலே. முன்புறம் வலித்தால் பெரும்பாலும் இருக்கை தாழ்வு. பின்புறம் இழுத்தால் உயர்வு.

இருக்கையின் மேற்பரப்பு தரைக்கு இணையாக இருக்கட்டும். மூக்குப்பகுதி கீழே சரிந்தால் உடல் முன்னே வழுக்கும். அப்பாரத்தைக் கைகள் தாங்க, சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். கைப்பிடியையும் ஓரளவு உயர்த்தவும் தாழ்த்தவும் இயலும். ஆனால் கம்பித் தடை உள்ள பழைய வண்டிகளில், கைப்பிடி அசைந்தால் தடையும் அசையும். ஆதலால் அதைக் கடைக்காரரிடமே விட்டுவிடுக. ஆடிக் காற்றில் மேற்கு நோக்கி, நாகமலைப் பக்கம் மிதித்தவர்களுக்குத் தாழ்ந்த கைப்பிடியின் அருமை தெரியும். மாசி வீதியின் நெரிசலில் செல்வோருக்கு உயர்ந்த கைப்பிடியே வசதி.

இனிப் பாதம். நம் ஊரில் ரப்பர்ச் செருப்புடன் மிதிப்போரே மிகுதி. அவர்கள் பாதத்தின் நடுவளைவால் மிதிப்பதைக் காணலாம். பெருவிரலின் அடிப்புடைப்பு மிதிகட்டையின் அச்சுக்கு நேரே வருமாறு வைப்பதே பொதுவான முறை. பந்தயக்காரர்கள் இதை விருப்பத்துக்கு விடாமல் காலணியிலேயே அமைத்துக்கொள்கின்றனர். முன்பெல்லாம் வார் கட்டிய கம்பிக்கூட்டுக்குள் பாதத்தைச் செருகினர். 1984இல், பனிச்சறுக்குக் கட்டைகளுக்குப் பூட்டுச் செய்துவந்த லுக் என்னும் பிரெஞ்சு நிறுவனம், காலணியின் அடியில் பொருத்திய கிளீட் என்னும் தகடு மிதிகட்டையில் பூட்டிக்கொள்ளும் முறையைக் கொணர்ந்தது. மறு ஆண்டு பெர்னார் இனோ அதைக் கொண்டு பிரான்சு நாட்டு நெடும்பந்தயத்தை வென்றார். இன்று மதுரையிலிருந்து அழகர்கோயில் சாலையில் விடியற்காலையில் செல்லும் சிலருடைய காலிலும் அத்தகட்டைக் காணலாம். அதைப் பொருத்துவதில் எச்சரிக்கை வேண்டும். நடக்கும்போது உம் பாதம் வெளிப்புறம் சாய்வதாயின், தகடும் அச்சாய்வுக்கு இசைய வேண்டும். அழகுக்காக நேராகத் திருகிவிட்டால், பூட்டப்பட்ட பாதம் திரும்ப இயலாமல் முழங்கால் முறுக்குண்ணும். செருப்புக் காலுக்கு இத்தொல்லை இல்லை. அது தன் இடத்தைத் தானே தேடிக்கொள்ளும்.

உடலுக்குப் பொருந்தாத வண்டியையும் ஆண்டுகொண்ட வரலாறு நமக்கு உண்டு. பெரியவர்களின் வண்டியில், நடுக்கம்பிக்குக் கீழே ஒரு காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டுக் கற்ற சிறுவர் எத்தனை பேர்! மதுரைக்கு வடகிழக்கே புதுக்கோட்டை மாவட்டத்தில், 1990களின் தொடக்கத்தில் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் பல்லாயிரம் மகளிரை மிதிவண்டி ஓட்டச் செய்தது. மகளிர் வண்டி போதாமையால் அவர்கள் ஆண்கள் வண்டியிலேயே கற்றனர். பின்னர், குழந்தையை நடுக்கம்பியில் அமர்த்திக்கொள்ளலாம் என்று அதனையே விரும்பியவரும் உண்டு. துணிவு இருந்தால் எந்த வண்டியும் ஓடும் என்பது உண்மையே. நாள்தோறும் இருபது கிலோமீட்டர் ஓடுவதற்குத் துணிவு மட்டும் போதாது.

அம்மாணவியின் இருக்கையை முதியவர் முதலில் இரண்டு விரற்கடை மட்டுமே உயர்த்தினார். "ஒரே நாளில் ஏற்றினால் தடுமாறுவாய், வாரம் ஒருமுறை வா" என்றார். இருக்கைக் குழாயில் பொறித்துள்ள எல்லைக்கோடு வெளியே தெரியுமளவு உயர்த்தலாகாது என்பதையும் காட்டினார். அதற்கு மேல் ஏற்றினால் குழாய் வளைந்து முறியக்கூடும். நிறுத்தும்போது இருக்கையை விட்டு முன்னே இறங்கி ஒரு காலை ஊன்றப் பழக்கினார். மூன்று வாரத்தில் இருக்கை தன் இடத்தை அடைந்தது. வலி உடனே அகலவில்லை. ஆனால் குறைந்துகொண்டே வந்தது. அரையாண்டுத் தேர்வு வந்தபோது அவள் அதை மறந்திருந்தாள். வீட்டிலும் அப்பேச்சு மீண்டும் எழவில்லை. ஞாயிறுதோறும் அவள் தம்பி இருக்கையைத் தாழ்த்தி ஓட்டுவான். அதனால் அவள் குழாயில் தன் அளவுக்குச் சிவப்பு வண்ணத்தால் ஒரு கோடு இட்டுக்கொண்டாள். திங்கட்கிழமை காலையில், பையை மாட்டுவதற்கு முன், ஸ்பானரை எடுத்து அக்கோடு வரை உயர்த்தி இறுக்கிவிட்டுத்தான் புறப்படுவாள்.